ப்ரேபன் சித்தப்பாவின் அம்புக்குறி

"ஒரு கல்லுக்குத் தலை எது, கால் எது?" என்று ஒன்பதாம் வகுப்பில் புவியியல் ஆசிரியர் என்னைக் கேட்டார். கடற்கரையில், செங்குத்துப் பாறைக்குக் கீழே, இருபத்திரண்டு பேர் முன்னால். எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. "அவளுக்குத் தன் தலையே எங்க இருக்குன்னு தெரியாது" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மறு ஆண்டு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அதற்கு அந்தக் கேள்வி மட்டும் காரணமில்லை. ஆனால் அந்தப் பதில் நான்கு ஆண்டுகள் என் வாய்க்குள்ளேயே கிடந்தது. இந்த வசந்தத்தில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி வீட்டுச் சமையலறையில் அது வெளியே வந்தது.

குத்ருன் சித்தியின் கணவர் ப்ரேபன் பேருந்து ஓட்டுகிறார். விடுமுறை நாள்களில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பாறைக்குக் கீழே புதைபடிவம் தேடுவார். பதினோரு ஆண்டுகளாக அவருக்கு ஒரே ஒரு ஆசை. எங்கள் நாட்டில் அரிய புதைபடிவம் எது கிடைத்தாலும் அது அரசுக்குச் சொந்தம். அருங்காட்சியகம் அதை வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் கண்டெடுத்தவர் பெயரை எழுதும். அந்த அட்டையில் தன் பெயர் வர வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு எலும்பு கிடைத்தது. டைனோசர்கள் அழிவதற்கு முந்தைய காலத்துப் பறவை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தலைநகருக்கு அனுப்பினார். பணிவான பதில் வந்தது: வாத்துக் கால், வேக வைத்தது. நவம்பரில் மோர்தன் இரவு விருந்தில் எல்லா வீட்டிலும் வாத்து சமைப்போம். யாரோ பாறை மேலிருந்து எலும்பை எறிந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் 'வாத்து ப்ரேபன்'. பேருந்தில் ஏறும் பிள்ளைகள் வாத்து மாதிரி 'குவாக்' என்று சொல்லிவிட்டுத்தான் பயண அட்டையைக் காட்டுவார்கள். அவர் ஊர் மண்டப விருந்துகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

எங்கள் பாறை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விழுந்துகொண்டே இருக்கிறது. விளிம்பில் நிற்கும் பழைய தேவாலயம் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவிலும் ஒரு சேவல் அடியெடுத்து வைக்கும் தூரம் நிலத்தின் பக்கம் நகர்ந்துகொள்ளும் என்பார்கள். 1928இல் மட்டும் தூங்கிவிட்டது போலும், அதன் பலிபீடப் பக்கம் கடலுக்குள் போய்விட்டது. இந்த ஆண்டு பிப்ரவரிப் புயலில் அதற்குச் சற்றுத் தெற்கே ஒரு பெரிய துண்டு விழுந்தது. அதில்தான் சித்தப்பாவுக்குப் பல் கிடைத்தது. கட்டைவிரல் பருமன், பழுப்பு நிறம், பளபளப்பு. மோசசாரஸ் என்ற ராட்சதக் கடல்பல்லியின் பல். இந்த முறை வாத்து இல்லை.

கல்லைத் தூக்குமுன் அதன் மேல்பக்கத்தைப் பென்சிலால் அம்பு போட்டுக் குறிப்பது எங்கள் வழக்கம். அம்பில்லாத கல் முகவரி இல்லாத கடிதம். சித்தப்பா தச்சர் பென்சிலைக் காதில் செருகியபடியேதான் குளிக்கவும் போவார் என்று சித்தி சொல்வாள். அன்றும் கல் கிடந்த நிலையிலேயே அம்பு போட்டு, பல்லைச் சுற்றி ஒரு பலகையளவு அறுத்தெடுத்து, பொடிந்துவிடாமல் முன்பக்கம் முழுக்கப் பசைத் தண்ணீர் பூசி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மேல், கீழ் என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் பாறையில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கீழே வெண்சுண்ணாம்பு, நகம் பட்டாலே உதிரும். அதற்கு மேல் கையகலத்துக்குச் சாம்பல் நிறக் களிமண். மீன் செதில்கள் கிடைப்பதால் அதை மீன்களிமண் என்போம். அதற்கும் மேல் கடினமான சுண்ணாம்புக்கல். களிமண்ணின் அடியில் கத்தி முனையளவு மெல்லிய துருச்சிவப்புக் கோடு ஓடும். ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய மெக்சிகோ இருக்கும் இடத்தில் ஒரு மலையளவு கல் வானிலிருந்து விழுந்தது. அதன் தூசிதான் அந்தக் கோடு. அது உலகம் முழுக்கப் படிந்தது. வெயில் மறைந்தது. கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் செத்தன, பாசியைத் தின்றவை செத்தன, அவற்றைத் தின்றவையும் செத்தன. வெண்சுண்ணாம்பே அந்தப் பாசிகளின் ஓடுதான். அதனால்தான் கோட்டோடு வெண்சுண்ணாம்பு நின்றுபோகிறது. கடலில் ராட்சதப் பல்லிகளும் நிலத்தில் டைனோசர்களும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

நான் வேலை செய்யும் ஐஸ்கிரீம் கடையில் சுற்றுலாக்காரர்கள், "டைனோசர் எங்கே?" என்று கேட்பார்கள். வாஃபிள் துணுக்குக்குச் சண்டை போடும் கடற்காகங்களைக் காட்டுவேன். டைனோசர் குலத்தில் தப்பியது பறவை மட்டும்தான். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் போல என்னைப் பார்ப்பார்கள்.

சித்தப்பாவின் பலகையில் நடுவே விரலாழத்துக்கு ஒரு பள்ளம். அலை களிமண்ணை நக்கியெடுத்துவிட்டிருந்தது, சிவப்புக் கோட்டையும் சேர்த்து. இரண்டு பக்கமும் கல், பசை பூசியதில் இரண்டும் ஒரே அழுக்கு வெள்ளை. அம்பு காட்டியபடி பார்த்தால் பல் பள்ளத்துக்கு மேலே இருந்தது. அதாவது, அந்தப் பல்லி அழிவுக்குப் பிறகும் வாழ்ந்திருக்கிறது. உலகத்தில் யாரும் பார்க்காதது. அருங்காட்சியகம் அப்புறம், முதலில் ஊர் படிக்கட்டும் என்று வட்டாரப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார் சித்தப்பா. ஞாயிறு இரண்டு மணிக்கு நிருபர் வருவதாக ஏற்பாடு.

ஒரு மணி இருக்கும். சித்தி அடுக்குக் கேக்குக்குக் கிரீம் தடவிக்கொண்டிருந்தாள். "சிசெல், அந்தக் கல்ல ஈரத்துணியால துடைச்சு மேசைல வை. போட்டோ எடுப்பாங்க" என்றாள்.

துடைத்தேன். பலகையின் பக்கவாட்டில், அறுத்த இடத்தில், பாதி முட்டையளவு வட்டம் ஒன்று தெரிந்தது. இடிக்கல். கடலடியில் வாழ்ந்த, உடலெல்லாம் முள் கொண்ட உருண்டை உயிரின் கல்லாகிப்போன ஓடு. வீட்டில் இடி விழாது என்று எங்கள் பக்கத்தில் எல்லா ஜன்னல் விளிம்பிலும் இரண்டு மூன்று வைத்திருப்போம். எல்லோர் வீட்டிலும் இருப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. சித்தப்பாவும் பல்லைத்தான் பார்த்திருக்கிறார்.

செத்த ஓட்டுக்குள் கடலடிச் சேறு இறங்கிப் பாதி நிரம்பும். மீதி வெற்றிடமாக இருந்து, பின்னால் அதில் படிகம் வளரும். இரண்டுக்கும் நடுவே கோப்பையில் காபி நிற்பது போல ஒரு மட்டக்கோடு. சேறு இருக்கும் பக்கம் கீழ், படிகம் இருக்கும் பக்கம் மேல். ஆசிரியர் கேட்டதற்குப் பதில் அதுதான்.

இந்தப் பலகையில் சேறு மேலே இருந்தது. படிகம் கீழே மின்னியது.

கல்லைச் சுற்றிப் பார்த்தேன். மறுமுனையில் இன்னொரு இடிக்கல். அதிலும் சேறு மேலே.

அப்போது பக்கத்து வீட்டு ஃபோல்மர், கேக் வாசனை பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன ப்ரேபன், இன்னிக்கு வேக வெச்சதா, வறுத்ததா?"

"இன்னிக்கு நீ வாயை மூடிட்டுத் தின்னுட்டுப் போ" என்றார் சித்தப்பா. இஸ்திரி போட்ட சட்டை. சவரம் செய்த கன்னத்தில் ஒரு சின்ன வெட்டு. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"சித்தப்பா, அந்த அம்பு..." என்றேன்.

"ஏன், அழிச்சிட்டியா?"

"இல்ல. அது தலைகீழா இருக்கு."

சித்தியின் கத்தி கேக்கின் மேலேயே நின்றது. ஃபோல்மர் முதலில் சிரித்தார். "கேக்குக்குத்தான் அம்பு வேண்டாம், கிரீம் மேல இருக்கும். கல்லுக்குக் கஷ்டம்தான்."

"பள்ளிக்கூடத்தையே முடிக்காதவ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார் சித்தப்பா.

"ப்ரேபன்" என்றாள் சித்தி, குரலை உயர்த்தாமல்.

"பதினோரு வருஷமா அந்தப் பாறைக்குக் கீழ நடக்கறேன் குத்ருன்."

"நீங்க கீழதான் நடந்தீங்க, கல்லு மேலேருந்து வந்துச்சு" என்றேன். "வர்ற வழியில ஒரு குட்டிக்கரணம் போட்டிருக்கு."

என் குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று நினைத்திருந்தேன். விரலால் இடிக்கல்லைக் காட்டினேன். "இதைப் பாருங்க. சேறு மேல இருக்கு. கோப்பையோட மேல் பாதியில மட்டும் காபி நின்னு பார்த்திருக்கீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "கடலடியிலேயே உருண்டிருக்கும்."

"ஒண்ணு உருளலாம். அந்த முனையில இன்னொண்ணு இருக்கு. ரெண்டும் ஒரே மட்டத்துல, பள்ளத்துக்கு இணையா, சொல்லி வெச்ச மாதிரி உருளுமா?"

ஃபோல்மர் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் விளிம்பிலிருந்த இடிக்கல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் வீட்ல நாலு இருக்கு. ஒருநாளும் இதுக்குள்ள என்னன்னு பார்த்ததில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பின்பக்கம் பசை பூசலையே சித்தப்பா. நகத்தை வெச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் பலகையின் பின்பக்கம் கையை நுழைத்தார். முதலில் பல் இல்லாத பாதியில் கீறினார். நகம் வழுக்கியது. பிறகு பல் இருக்கும் பாதியில். கையை வெளியே எடுத்தபோது கட்டைவிரல் நகத்தடியில் மாவு போல வெள்ளை. வெண்சுண்ணாம்பு. கோட்டுக்குக் கீழே இருப்பது.

சித்தி ஒரு துணியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு பல்லுதான் சித்தப்பா, வாத்து இல்ல" என்றேன். "பள்ளத்துலேருந்து ரெண்டு விரல் தள்ளித்தான் இருக்கு. அந்தப் பல்லிங்க அழிவுக்கு முன்னாடியே மெலிஞ்சு ஒழிஞ்சு போயிடலைன்னு இது சொல்லுது. வானத்துலேருந்து கல்லு விழப்போற காலம் வரைக்கும் இங்க ஒண்ணு நல்ல பல்லோட, நல்ல பசியோட நீந்திட்டு இருந்திருக்கு. அதுக்கே அட்டை எழுதலாம்."

"தப்பிச்சதுன்னு எழுதற மாதிரி இருக்குமா?" என்றார். கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"இருக்காது" என்றேன்.

வாசலில் கார் நின்றது. நிருபர் பெயர் மெரெட்டெ, என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள். ஈரக் காலணியை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்து எல்லோருக்கும் கை கொடுத்தாள். கேமராவை எடுத்துக்கொண்டே, "தலைப்பே தயாரா இருக்கு: பேரழிவைத் தாண்டிய பல்லி. சரிதானே? தாண்டிடுச்சுதானே அது?" என்றாள்.

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வியாழக்கிழமை பத்திரிகையில் வந்துவிடும். அருங்காட்சியகம் பார்த்துச் சொல்ல மாதங்கள் ஆகும், அதுவரை பேருந்தில் யாரும் குவாக் என்று சொல்லமாட்டார்கள். நான் மறுத்துப் பேசியிருக்கமாட்டேன், அது அவருக்கும் தெரியும். ஃபோல்மர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி ஒரு துண்டு கேக்கை அவர் முன்னால் வைத்தாள்.

சித்தப்பா இரண்டு கையாலும் பலகையைத் தூக்கினார். மேசை மேலேயே அதைப் புரட்டிவைத்தார். பல் இப்போது பள்ளத்துக்குக் கீழே போய்விட்டது. கட்டைவிரலை நாக்கில் நனைத்து, நகத்தடி மாவோடு சேர்த்து, பழைய அம்பை அழுத்தித் தேய்த்தார். அது கறையாகி, பிறகு இல்லாமல் போயிற்று. காதிலிருந்த பென்சிலை எடுத்து அதே இடத்தில் புதிய அம்பு போட்டார். பழையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

"அப்படின்னா?" என்றாள் மெரெட்டெ. "எனக்குப் புரியல. தாண்டலையா?"

அவர் எழுந்து, தன் நாற்காலியைப் பின்னால் இழுத்து என்னைப் பார்த்தார். நான் போய் அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

"முதல்ல ஒரு கல்லுக்குத் தலை எது, கால் எதுன்னு சொல்றேன்" என்றேன். "எழுதிக்குங்க."

மெரெட்டெ நோட்டைத் திறந்தாள். சித்தப்பா ஆணியில் மாட்டியிருந்த தலைக்கவசத்தை எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடேயே அதைப் போட்டு வாரை இறுக்கிக்கொண்டார். பென்சிலைக் காதில் செருகினார். கடற்கரைப் பக்கம் போகும் கதவைத் திறந்து, இறங்கிப் போனார்.