மாப்பிள்ளை வீட்டு டயர்

நீலக் கார் கடை வாசலில் வந்து நின்றதும் நான் முதலில் பார்த்தது டயரை. அப்புறம்தான் ஆளை. முன்பக்கத்து இடது டயரின் ஓரம் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. இறங்கிய ஆளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் அம்மா வாட்ஸப்பில் காட்டிய அதே முகம். கடம்பூரில் போளிக்கடை வைத்திருக்கிற மணிகண்டபிரபு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு என்னைப் பெண் பார்க்க வரவேண்டியவர், புதன்கிழமையே டயர் மாற்றுகிற சாக்கில் வேவு பார்க்க வந்திருக்கிறார். கடம்பூரிலிருந்து கோவில்பட்டி வருகிற வழியில் டயர்க்கடைக்கா பஞ்சம்? நானும் தெரியாத மாதிரியே, வாங்க அண்ணாச்சி, உக்காருங்க என்றேன். அண்ணாச்சி என்றதும் மனிதருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

கடை என் அப்பா சுந்தரபாண்டியன் ஆரம்பித்தது. அவருக்கு முட்டி தேய்ந்துபோன பிறகு நான் எடுத்து நடத்துகிறேன். வீல் அலைன்மெண்ட் மெஷின் வாங்கியது நான், பைபாஸ் லாரிக்காரர்களைப் பழக்கம் பிடித்தது நான். எனக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றதும் இந்தக் கடையில்தான். ஜாதகம் பொருந்தும், காபி நன்றாக இருக்கும், எழுந்து கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒரு பெரியம்மா, கல்யாணத்துக்குப் பிறகு கடையை யார் பார்ப்பார்கள் என்று கேட்பாள். நான்தான் என்பேன். அத்தோடு செருப்பைத் தேடுவார்கள். கொஞ்சம் வாயைக் கட்டினால் குறைந்தா போய்விடுவாய் என்று அம்மா முப்பிடாதி தலையிலடித்துக்கொள்வாள். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றில்லை. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பேச ஒரு நல்ல மனுஷன் வேண்டும். கடையும் வேண்டும். இரண்டும் கேட்பது பேராசை என்றால் நான் பேராசைக்காரிதான்.

மணிகண்டபிரபுவுக்குக் காரின் மேல் அப்படியொரு பிரியம். பாய்கிற மாதிரி தாழ்ந்த உடம்பு, சீறுகிற சைலன்சர். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் பழைய காராக வாங்கியிருக்கிறார். அந்தப் புண்ணியவான் கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினேழு இஞ்ச் அலாய் மாட்டி, அகலமான டயர் போட்டு அழகு பார்த்திருக்கிறார். இவர் அதைவிட இன்னொரு சுற்று அகலம் வேண்டும் என்றார். கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை என்று ஆரம்பித்தேன். டயரின் ஓரத்தில் எழுதியிருக்கிற மூன்று எண்ணில் முதலாவது அகலம், இரண்டாவது அந்த அகலத்துக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் சுவர் உயரம் என்பது, மூன்றாவது நடுவில் இருக்கிற ரிம்மின் அளவு. உங்கள் காருக்குக் கம்பெனி கொடுத்தது நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஐம்பத்தைந்து, பதினாறு. இப்போது இருப்பது இருநூற்றுப் பதினைந்து, நாற்பத்தைந்து, பதினேழு. மொத்த உயரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் வேகம் காட்டுகிற மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பள்ளத்தில் அடி வாங்குகிற ரப்பர் அரை விரற்கடை குறைந்துபோயிற்று, அதனால்தான் இந்த முட்டை என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதி நேரம் டயரைப் பார்த்தார், மீதி நேரம் என்னை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தீப்பெட்டி ஊராயிற்றே. சக்கரத்துக்கும் உள்ளே நிற்கிற ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி படுக்கைவசத்தில் நுழைந்து வரவேண்டும். வந்தால் அந்த வண்டி மழைக்காலத்தில் கரிசலில் இறங்கலாம். வராவிட்டால் ஒட்டுகிற மண் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அப்பிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் காரில் நுழைத்துக் காட்டினேன். பெட்டி நசுங்கிப்போய் வந்தது. கம்பெனி ரிம் ஒரு செட் வேறு வண்டியில் கழற்றியது கடையிலேயே இருக்கிறது, அளவான டயர் போட்டு மாட்டித் தருகிறேன் என்றேன். அவர் நசுங்கிய பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். டயருக்கே வீட்டில் கேட்கிற ஆள், கடைக்கு என்ன சொல்லப்போகிறார்? இதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கார் கிளம்பிப் போன பிறகும் அந்த ரிம்களுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து டயரை ஏற்றிக் காற்றடித்துத் தனியாக எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலடித்தது. அம்மா எனக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வேனில் வந்து கூடத்தில் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளையையும் அவர் அம்மா பார்வதியம்மாளையும் மட்டும் காணவில்லை. குலசாமி கோயிலில் பூ கேட்டுவிட்டு வருகிறார்களாம். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. கடை நம்பரும் அதுதான்.

"சுதாராணி, நான் மணிகண்டபிரபு. புதன்கெழம வந்த கார்க்காரன். நீங்க சொன்னதுதான் நடந்துபோச்சு. கோயிலுக்குப் போற வழியில கரிசல்ல நிக்கோம்."

அம்மா கும்பிட்டாள், அழுதாள், பெண் பார்க்கிற நாளில் பெண்ணே மாப்பிள்ளையைத் தேடிப் போகிற கூத்து உண்டா என்றாள். அப்பா மட்டும் எங்கள் கடை வேன் சாவியை எடுத்து நீட்டினார். கடைக்குப் போய் அந்த நான்கு சக்கரங்களையும் ஜாக்கியையும் இரண்டு பலகையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சேலையை மாற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

தார் ரோட்டில் வேனை நிறுத்திவிட்டுச் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுமந்து போனேன். பாதியிலேயே அவர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். உளுந்தங்காட்டுக்கு நடுவில், வண்டிப்பாதையில், கார் பசைக்குள் வைத்த மாதிரி நின்றது. முன்சக்கரம் இரண்டும் சுழலவே இல்லை. பார்வதியம்மாள் கையில் இரண்டு இலைப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார். ஒன்றில் வெள்ளைப் பிச்சி, ஒன்றில் செவ்வரளி. சாமி முன்னால் போட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். கோயில் கூப்பிடு தூரத்தில்தான் தெரிந்தது. ஆனால் அந்த அம்மாள் மகனிடம், போகிற வழியிலேயே தடங்கல் வந்துவிட்டது, கார் கிளம்பினால் நேராக வீட்டுக்குத் திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, நான் மண்ணைச் சுரண்டி எடுத்துக் கொடுக்கிற கார் என்னை விட்டுத்தான் போகப்போகிறது. நல்ல வேலை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பலகை போட்டு ஜாக்கியை ஏற்றி, கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி எடுத்தேன். அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இவன் சின்னச் சக்கரம் மாட்டணும்னுதாம்மா சொன்னான்" என்றார் பார்வதியம்மாள். "பொண்ணு பாக்கப் போறப்ப சூம்புன சக்கரத்தோடயா போறது, அகலமா இருந்தாத்தான லெச்சணம்னு நாந்தான் தடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, இந்த மனிதர் மேல் புதன்கிழமையிலிருந்து வைத்திருந்த கோபமும் போனது. ஆனால் அம்மாள் அதோடு விடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் இதே வேலைதானா என்று கேட்டார்.

அம்மாவின் முகம் கண்முன் வந்தது. வாயைக் கட்டு என்றது. என்னால் முடியவில்லை.

"ஆமாம்மா. கடைய விடமாட்டேன். சாமி செவப்பக் குடுத்தாலும் சரி, வெள்ளயக் குடுத்தாலும் சரி."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"என் கட எனக்கு, அவிய கட அவியளுக்கு. இதுல என்னம்மா இருக்கு?"

பார்வதியம்மாள் கோயில் இருந்த திசையைப் பார்த்தார், பிறகு காரை. நான் கம்பெனிச் சக்கரத்தைத் தூக்கி வைத்து நட்டை முடுக்கினேன். கையால் சுற்றிவிட்டேன். எங்கும் உரசாமல் நிற்காமல் சுழன்றது. எனக்குப் பின்னால் இலை பிரிகிற சத்தம் கேட்டது. ஒரு பொட்டலம். அப்புறம் இன்னொன்று.

"ஏட்டி, ஆடாம இரு."

என் தலையில் விரல்கள் பட்டன. ஹேர்பின்னைக் கழற்றி, எதையோ வைத்து, மறுபடி செருகின. பிச்சிப்பூ வாசம் வந்தது. கையெல்லாம் மண், தொட்டுப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே பார்த்தேன். ஜாக்கிக்குப் பக்கத்தில், கறுத்த ஈரமண்ணில், பிரித்த இலையும் செவ்வரளியும் கிடந்தன. அந்த அம்மாள் சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அடுத்த சக்கரத்தை என் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தார்.