அவன் வாயைத் திறக்குமுன்

கல்லூரி நூலகத்தின் கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டை கேட்டார். அம்மா கைப்பையைத் திறந்து அப்பாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

“இது எதுக்கும்மா?”

“இவரு உங்க படத்துல பேசுறாராம். எங்ககிட்ட போட்டோ இருக்குங்க, குரல்தான் இல்ல. ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடுறோம்.”

அவர் நல்லவர்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த ஆவணப்படங்களுக்கு நூலகம் சந்தா கட்டுகிறது, மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டுமே பார்க்கலாம், லைசென்ஸ் அப்படி என்றார். எனக்குக் காது சுட்டது. கல் அறுக்கும் ஆலைக்குக் கேமராவோடு வந்தவர்கள் அப்பாவிடம் எந்த அட்டையும் கேட்கவில்லை. டிவியில் வரும் என்றார்கள். அவரும் இருமிக்கொண்டே அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வருடமே தூசி அவரைத் தின்று முடித்தது. நான் பள்ளியை விட்டு, அதே ஆலையில் கல்லுக்குப் பாலிஷ் போடப் போனேன். டிவியில் எதுவும் வரவில்லை. இதையெல்லாம் கவுண்டர்காரரிடம் கேட்க நினைத்தேன். வழக்கம்போல, சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

வெளியே படிக்கட்டில் சித்தி மகள் காத்திருந்தாள். இங்கேதான் படிக்கிறாள், படத்தில் அப்பா இருக்கிறார் என்று சொன்னதே அவள்தான்.

“என் போன்லயே காட்டுறேன்னு சொன்னேன்ல பெரியம்மா. நீங்கதான் பெரிய ஸ்கிரீன் வேணும்னீங்க.”

“அந்த மனுஷன சின்னதா பாக்க எனக்குப் பிடிக்கலடி.”

“எங்க கிளாஸே பாத்தாச்சு. பெரியப்பாவ வச்சுத்தான் இந்த அசைன்மென்ட். தூசியும் நுரையீரலும், பத்து மார்க்கு,” என்றாள், பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டே.

அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவள் என்ன செய்வாள், பாவம்.

அப்பா வந்தார். டிவிக்கென்று வாங்கிய புதுச் சட்டை. தொண்டையைச் செருமி, “அது வந்து…” என்றார். வீட்டில் எதைச் சொன்னாலும் அப்படித்தான் தொடங்குவார். அதற்குள் யாரோ ஒருவனின் இங்கிலீஷ் குரல் அவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அசைந்தது அப்பாவின் வாய், பேசியது அவன்.

“அவனக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு,” என்றாள் அம்மா.

“முடியாது பெரியம்மா. அது படத்தோட சேந்தே வருது.”

நான் போனைப் பிடுங்கிச் சத்தத்தை முழுதாக ஏற்றினேன். அவன் குரல்தான் பெரிதானது. படத்தைப் பின்னால் இழுத்தேன். செருமல். “அது வந்து…” மறுபடி இழுத்தேன்.

கண்ணாடிக் கதவு திறந்தது. கவுண்டர்காரர் தலையை நீட்டினார். “சத்தத்தக் கொறைங்கம்மா. உள்ள படிக்கிறாங்க.”

“படிக்கட்டும்,” என்றேன்.

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். நான் குறைக்கவில்லை. அம்மா குனிந்து, என் கையிலிருந்த போனில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அது வந்து… அது வந்து… ஒவ்வொரு முறையும், அவன் வாயைத் திறக்குமுன் என் விரல் முந்திக்கொண்டது.