வரவேற்புத் திரையில் வறண்ட வாய்க்கால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் வரிசையில். பாதி கேட்டது, பாதி நான் அளந்துவிடுவது. எது எது என்று கேட்காதீர்கள்.

2

‘ஆவணியில் காவிரி பொங்கி வந்த ஒரு மாலை...’

[அடித்தாயிற்று. பொங்கி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.]

மணப்பெண் எழில்மொழி சென்னையில் மென்பொருள் எழுதுகிறவள். முகூர்த்தத்துக்கு முந்தின மாலை நடக்கும் வரவேற்புக்காகத் தானே ஒரு இணையப் பக்கம் செய்தாள். விருந்தினர்கள் ஆன்லைன் ஆல்பத்தில் படம் போட்டால், உடனே மேடைப் பக்கத்துப் பெரிய திரையில் வரும். கீழே போட்டவர் பெயரும் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வேண்டாத படத்தை யாராவது போட்டால்? ‘நம்ம சனந்தானே’ என்று விட்டுவிட்டாள். போட்டவர் போனிலிருந்துதான் அழிக்க முடியும்.

3

மாமன்மார் மீசை, குழந்தைகளின் நாக்கு, பந்தியில் பாயசம். அப்புறம் திடீரென்று வெடித்துக் கிடக்கும் வாய்க்கால். பக்கத்தில் மஞ்சளாய்ப் பழுத்த நாற்றங்கால்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா. அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பொறியாளர் அவர்தான். [ரொம்பத்தான் பொருந்துகிறது என்கிறீர்களா? வங்கி மேலாளராக்கிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது.]

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “இது கல்யாணமா, குறைதீர்க்கும் கூட்டமா? அத எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா நாங்க கிளம்புறோம்.”

எழில்மொழி படத்தின் கீழே பெயரைப் பார்த்தாள். மருதையன். அவளுடைய அப்பா.

4

இந்த மருதையனை என்னால் நம்ப முடியவில்லை. பெண்ணின் கல்யாணத்தில் எந்த அப்பனாவது இப்படிச் செய்வானா? கை தவறிப் போட்டார் என்று மாற்றி எழுதினேன். ஆனால் வரிசையில் நின்று கதை சொன்னவர் இதில் மட்டும் பிடிவாதம்: “தெரிஞ்சுதாங்க போட்டாரு. மூணு வாட்டி மனு கொடுத்தாரு, ஆபீசுல இஞ்சினியரப் பாக்க முடியல. இங்கதான மனுஷன் அசையாம உக்காந்திருந்தாரு!”

மருதையன் மேடையேறி வந்து மகளிடம் போனை நீட்டினார். “நாத்து கருகுதும்மா. சம்பந்தியாப் போறவர்கிட்ட வாயத் தொறந்து கேக்க முடியல, போட்டுட்டேன். உனக்குக் கஷ்டம்னா நீயே அழிச்சிடு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாப்பா?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபம் அதைவிட. மாப்பிள்ளை தமிழ்மாறனைப் பார்த்தாள். [அவனுக்கு ஒரு நல்ல வசனம் யோசித்தேன்.] அவன் மாலையைச் சரிசெய்துகொண்டான்.

5

முடிவு ஒன்று: அழித்தாள். கல்யாணம் நடந்தது.

முடிவு இரண்டு: அழிக்கவில்லை. பொறியாளர் எழுந்தார், நாலு பேர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள், கல்யாணம் நடந்தது.

முடிவு மூன்று: பொறியாளர் அங்கேயே போனை எடுத்து, மதகைத் திறங்கய்யா என்று தழுதழுத்த

[சினிமா. நிறுத்திவிட்டேன்.]

எல்லாவற்றையும் படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. அழித்தாலும் அழிக்காவிட்டாலும் கல்யாணத்தை நடத்திவிட்டேன். மருதையன் வயலுக்கு மட்டும் தண்ணீர் விடவில்லை. நம்பும்படியாக அதை எழுத என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் எழுதுங்கள். நாற்று இன்னும் நாலு நாள்தான் தாங்கும்.