முன்னூறு விரிப்பும் ஒரு சிவப்பு பனியனும்

காலை ஒன்பது மணிக்கு, துணி மடிக்கும் மிஷின் ஒரு தடவை இருமியது. அப்புறம் படுத்துவிட்டது.

"ரெண்டு மணிக்கு ஹோட்டல் வண்டி வந்துடும். முன்னூறு பெட்ஷீட்!" என்றார் சலவைக்கூட முதலாளி. "கையாலயே மடிங்க. டீம் ஒர்க்தான் முக்கியம்! முடியலைன்னா நாளையிலேர்ந்து வேற சூப்பர்வைசர்."

முன்னூறுகூட சூப்பர்வைசரைப் பயமுறுத்தவில்லை, இரண்டுதான் பயமுறுத்தியது. மடிக்கும் பிரிவில் இருந்ததே இரண்டு பேர். ஒருத்தி அவர் மனைவி, இன்னொருத்தி அவர் தங்கை. இருவரும் முகம் கொடுத்துப் பேசி இருபத்தாறு நாள் ஆகிறது.

வெள்ளை விரிப்புகளோடு எதுவோ சிவப்பாகச் சேர்ந்து, நாற்பது விரிப்பும் ரோஜா நிறத்தில் வெளியே வந்த நாளில் பிடித்த சண்டை. 'அவ வேலைதான்' என்றாள் மனைவி. 'அண்ணி வேலைதான்' என்றாள் தங்கை.

இரட்டைக் கட்டில் விரிப்பைத் தனியாள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, மடக்கி, எதிரெதிரே நடந்து வந்து கைமாற்ற வேண்டும். பேசாமல் எப்படி?

"என்னங்க, உங்க தங்கச்சிய வலது கையை மேல தூக்கச் சொல்லுங்க."

"பாப்பா, வலது கை மேல!"

"யாரோட வலது, அண்ணா? என்னோடதா, அந்தம்மாவோடதா?"

அவர் யோசிப்பதற்குள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திருப்பினார்கள். விரிப்பு முறுக்கிக்கொண்டு கயிறானது. அடுத்த விரிப்பில் இரு பக்கமும் வேகமாக நடந்து வர, நடுவில் நின்ற தூதுவரும் சேர்ந்து மடிந்துபோனார்.

பத்தரை மணிக்கு எண்ணிப் பார்த்தார். பதினொன்று.

தலையில் கிடந்த விரிப்பை உருவி எறிந்தார். சொல்லாவிட்டால் வேலை போகும், சொன்னால் மானம் போகும். வேலையாவது மிஞ்சட்டும்.

"அந்தச் சிவப்பு... என் பனியன்தான்," என்றார். "வீட்ல துவைக்க சோம்பல்பட்டு, நைசா இங்க போட்டேன். சாயம் போறதைப் பார்த்ததும் எடுத்து ஒளிச்சுட்டேன்."

"அண்ணி," என்றாள் தங்கை மெதுவாக, "கேட்டீங்களா?"

"கேட்டேன் கண்ணு. பனியன் காத்துல பறந்துபோச்சுன்னு சொன்னாரே மனுஷன்!"

"நான் தெருத்தெருவா தேடினேன், அண்ணி!"

"பிடி கண்ணு அந்த மூலையை!"

பிடித்தாள். அப்புறம் பறந்தது பாருங்கள் வேலை!

"இருபத்தாறு நாளா..." ஓர் உதறல்.

"வாயில என்ன கொழுக்கட்டையா, அண்ணா?" ஒரு மடிப்பு.

"ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு..." நாலு எட்டு நடை, கைமாற்று.

"மூணு வேளையும் நல்லா சாப்பிட்டீங்களே!" அடுக்கில் ஒரு தட்டு.

வலது, இடது என்ற பேச்சே எழவில்லை. வசவின் தாளத்துக்குக் கால்கள் தானாகச் சேர்ந்தன. பன்னிரண்டு மணிக்குப் பனியன் விவகாரம் தீர்ந்தது, தாளம் தளர்ந்தது. உடனே சூப்பர்வைசரே, "போன வருஷம் இஸ்திரிப் பெட்டியைக் கீழ போட்டதும் நான்தான்," என்று எடுத்துக் கொடுத்தார். மறுபடி பறந்தது.

ஒன்றே முக்காலுக்கு முன்னூறாவது விரிப்பு அடுக்கில் ஏறியது.

முதலாளி வாயைப் பிளந்தார். "எப்படிய்யா முடிஞ்சுது?"

"எல்லாம் டீம் ஒர்க்தான், சார்," என்றார் சூப்பர்வைசர். காது இரண்டும் பனியன் நிறத்தில் இருந்தன.

மறுநாள் காலை மெக்கானிக் வந்து மிஷினைத் திறந்தார்.

"மிஷினுக்கு என்ன அவசரம்? ஸ்பானரை ஓரமா வைங்க," என்றாள் மனைவி, தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தபடி. "என்னங்க, நீங்க இப்படி நடுவுல வந்து நில்லுங்க."