கிழக்கே இன்னும் கொஞ்சம்

1

டி.வி.யின் அடியில் ஓடிய ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், இன்று மதியத்திலிருந்து இந்தச் சேனல் வேறு செயற்கைக்கோளில் வரும், டிஷ்ஷைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று அது ஓடியது. யார் ஏறித் திருப்புவார்கள் என்று யோசித்தேன்.

2

முதல் வரி: மதுரை முனிச்சாலையில் ஒரு மொட்டை மாடியில் ஜனகராஜ் ஒரு மாவீரனைப் போல...

வேண்டாம். அவர் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். மாடியில் பன்னிரண்டு அடி டிஷ் வைத்து, சந்தில் பத்து வீடுகளுக்கு வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். சாயங்கால நாடகம் வரவில்லையென்றால் பத்து வீடும் பெரிய கேபிள்காரனிடம் போய்விடும். பரவை மெக்கானிக் விருமாண்டியோ போனில் கையை விரித்துவிட்டான்.

"ஊரெல்லாம் இதே வேலையா இருக்குண்ணே. ஞாயித்துக்கெழம வாரேன்."

3

ஜனகராஜின் மனைவி ஸ்வர்ணா கீழே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாடி அவள் கண்ணுக்குத் தெரியாது. அவர்களுடைய வழக்கம் இதுதான்: படம் தெளிந்ததும் அவள் "நிறுத்துங்க" என்று கத்துவாள். சத்தம் வராவிட்டால் படம் வரவில்லை என்று அர்த்தம். அவர் டிஷ் தட்டை இழுத்துக்கொண்டே இருப்பார். புதுச் செயற்கைக்கோள் கிழக்கே. தட்டின் விளிம்பைப் பிடித்து, கிழக்கே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

"வந்துருச்சா?"

"இல்லங்க. புள்ளி புள்ளியாத்தான் இருக்கு."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

(வீட்டில் இவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். எனக்கு அது வராது என்பதால் மதுரைத் தமிழில் கத்தவிட்டிருக்கிறேன். மன்னிக்கவும்.)

அப்போதுதான் டி.வி. மேல் சுருட்டி வைத்திருந்த நைலான் கயிற்றைப் பார்த்தாள். துணி காயப்போடும் கொடி. தட்டு இடிக்கிறதென்று அவரே அவிழ்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மாடியில் அறை கட்டுவதற்காகக் கிழக்குக் கைப்பிடிச் சுவரைப் போன மாதம்தான் இடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தடுப்பென்று இருந்தது இந்தக் கொடி ஒன்றுதான். முதுகில் கொடி உரசினால் நின்றுவிடுவது அவருக்குப் பழக்கம். இன்று எது உரசும்?

அந்த நேரம் பார்த்துப் படம் பளிச்சென்று வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, காற்றுதான் வந்தது.

4

அவளைப் படியேறி ஓடவிட்டும் எழுதிப் பார்த்தேன். பதினெட்டுப் படி. அவள் ஓடுகிற நேரம் முழுக்கக் கீழே சத்தமில்லை, அவர் இழுக்கிறார். ஆறாவது படியில் அந்தத் தாளைக் கிழித்தேன்.

இன்னொரு பிரதியில் சுவரைத் திரும்பக் கட்டினேன். பயம் போனது, கூடவே கதையும் போனது. அடித்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், சுவரை இடித்தது கொத்தனார் இல்லை, நான்தான். கதைக்கு ஆசைப்பட்டு இடித்தேன்.

அவர் பின்னால் இன்னும் ஓரடி இருக்கிறது, அல்லது

5

முடிவு என்னிடம் இல்லை. அந்த வார்த்தையை நான் எழுதினால் தாளோடு கிடக்கும். மாடி வரைக்கும் கேட்காது. யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்வர்ணாவால் முடியவில்லை. அவள் பக்கத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள்தான், படமும் உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

நீங்கள் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். மேலே அவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்.