யார் கூப்பிட்டாலும்

ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவளுக்கு முதலில் கிடைத்தது, ஒரு கால்நடை மருத்துவமனைக்கான, செய்தி அனுப்பும் செயலி. பதினொரு மணிக்கு டாக்டர் வந்து பார்ப்பார். செயலி ஓடினால் இந்த நாற்காலி அவளுக்கு நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள் என்று மேலாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மணி பத்தேகால். டாக்டர் எழுதும் பதில் அந்தந்தப் பிராணியின் பெயரோடு வரவேண்டும். பதில் வந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் 'அன்டிஃபைன்டு', அதாவது அப்படி ஒன்றே இல்லை, என்று நின்றது.

"என்னம்மா, எல்லா நாய்க்கும் ஒரே பேரா?" பக்கத்து மேசை மீசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சும்மா இருங்க சார், எனக்கு அழுகையே வருது."

போன் அடித்தது. நாத்தனார். "அண்ணி, பீரோ சாவி எங்க?" நொடியில் அவள் அண்ணியாகி, சாவி தொங்கும் ஆணியைச் சொன்னாள். வைத்ததும் வரவேற்பிலிருந்து, "மேடம், டாக்டர் கிளம்பிட்டாராம்." உடனே மேடமானாள். கூப்பிடுகிறவருக்குத் தக்கபடி மாறுவது அவளுக்குக் கைவந்த கலை. ஐந்து வருடமாக அவளுக்குள் இருந்த புரோகிராமரை யாரும் கூப்பிடவில்லை. அவளும் தேடவில்லை.

கூப்பிடுகிறவருக்குத் தக்கபடி.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'பதில் வந்தால் இதைக் கூப்பிடு' என்று நாயின் பதிவிலிருந்து ஃபங்ஷன் என்ற ஒரு நிரல்துண்டை மட்டும் தனியே கழற்றி இணைய இணைப்பிடம் கொடுத்திருந்தாள். அதற்குள் 'இதன் பெயர்' என்று எழுதியபோது நினைத்தது நாயை. கூப்பிட்டதோ இணைப்பு. ஃபங்ஷனும் சமர்த்தாக இணைப்பின் பெயரைத் தேடியிருக்கிறது. இணைப்புக்கு ஏது பெயர்?

"அட மக்கே!" என்று தன்னையே செல்லமாகத் திட்டிக்கொண்டு 'பைண்ட்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தாள். யார் கூப்பிட்டாலும் நீ இந்த நாயுடையதுதான் என்று ஃபங்ஷனைக் கட்டிவைக்கும் சொல்.

பதினொன்று அடித்தது. வந்து உட்கார்ந்த டாக்டர் செயலியில் தட்டினார்: 'தையல் பிரிச்சாச்சு. நேத்து கடிச்சது, இன்னைக்கு நக்குது.' திரையில் வந்து விழுந்தது, மேலே கொட்டை எழுத்தில் 'பஞ்சு' என்ற பெயரோடு.

"எங்க பஞ்சுவேதான்!" டாக்டர் குழந்தைபோலக் கைதட்டினார். மேலாளர் அவளுடைய நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுபடி போன் அடித்தது. யாரென்று பார்க்காமலே எடுத்தாள். "வணக்கம், புரோகிராமர் பேசறேன்."

"ஐயையோ, ராங் நம்பர்!" மறுமுனையில் அவளுடைய மகள் பதறிப்போய் வைத்துவிட்டாள்.

மீசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளே திருப்பிக் கூப்பிட்டாள்.