டவெட்டில் பிறந்தவள்

"உங்கட மகளுக்கு எட்டில செவ்வாய் அக்கா. ஏன் மறைச்சனீங்கள்?"

லண்டன் டூட்டிங்கிலிருந்து கமலாம்பிகை போனில் கேட்டார். அவருடைய மகன் தர்சிகனுக்கும் என் மகள் ஜதுர்ஷிகாவுக்கும் தை மாதம் கல்யாணம். பிள்ளைகள் தாங்களாக விரும்பினவர்கள். சாதகம் பார்த்தது கமலாம்பிகையின் மனத்திருப்திக்காக. எட்டில் செவ்வாய் என்றால் மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்று நம்புகிற மனுசி, "இது சரிவராது" என்று போனை வைத்துவிட்டார். ஜதுர்ஷிகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தர்சிகன் தாயை மீறிக் கட்டமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

மறைத்தேனாம். நானா? ஊரில் எழுதுவித்த சாதகத்தில் செவ்வாய் ஒன்பதில் அல்லவா இருக்கிறது.

கோபம் வந்தால் எனக்கு அகப்படுகிற முதல் ஆள் கணவர் சபாரத்தினம்தான். "எல்லாம் நீங்கள் என்னை அந்த மழையூருக்குக் கொண்டுபோன வினை" என்றேன். வேல்ஸில், கார்மார்தன் ஆஸ்பத்திரியில் அவர் டாக்டராக இருந்தபோதுதான் இவள் பிறந்தாள். இத்தனை வருசமாக நான் பாடுகிற பாட்டு அது.

அவர் சாதகத்தை எடுத்துப் பார்த்தார். "பிறந்த இடம் டவெட் எண்டு கிடக்கு. அவையின்ர சாத்திரியார் எந்த இடத்தைப் போட்டவராம்? ஒருக்காக் கேளும்."

ரோசத்தை விட்டு, போன் எடுத்துக் கேட்டேன்.

"டவெட் எண்டு ஒரு இடம் கம்பியூட்டரில வரேல்லையாம். லண்டன் எண்டு போட்டவர். எல்லாம் ஒரே நாடுதானே அக்கா?" என்றார் கமலாம்பிகை.

சபாரத்தினம் போனை வாங்கினார். "தங்கச்சி, டவெட் ஊர் இல்லை, மாவட்டம். எழுபத்திநாலில மூண்டு பழைய மாவட்டங்களைச் சேர்த்து உண்டாக்கினவங்கள். தொண்ணூற்றாறில திரும்பவும் பிரிச்சுப்போட்டாங்கள். இவள் தவழத் தொடங்க முந்தி டவெட் இல்லாமல் போச்சு. கார்மார்தன் எண்டு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. லண்டனுக்கு நல்லா மேற்க இருக்கிற ஊர். சூரியன் பிந்தித்தான் உதிக்கும். லக்கினம் மாறும், செவ்வாயின்ர வீடும் மாறும்."

கொக்குவிலில் பிறந்தவனும் யாழ்ப்பாணம் என்று எழுதுகிற ஆட்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் இவரும் ஊரை விட்டுவிட்டு மாவட்டத்தை எழுதுவித்திருக்கிறார். அவரை ஏச வாய் உன்னியது. ஆனால் அந்த நேரம் வெஸ்ட் ஈலிங் கோயில் அம்மனுக்கு நேர்த்தி வைப்பதைத் தவிர ஒன்றும் ஓடவில்லை.

போன் அடித்தது.

"ஒன்பதில அக்கா. ஒரு குற்றமும் இல்லை. நான் கதைச்சதை மனசில வைச்சிராதேங்கோ."

"அதை விடுங்கோ" என்றேன். உண்மையாகவே விட்டுவிட்டேன். அறைக்கதவு திறந்தது. ஜதுர்ஷிகா ஓடிவந்து தகப்பனைத்தான் கட்டிப்பிடித்தாள், என்னை அல்ல. எனக்கு அதிலும் கோபம் வரவில்லை.

"இஞ்சாருங்கோ, இவள் லண்டனில பிறந்திருந்தால் எட்டிலதான் இருந்திருக்கும், என்ன?"

"ஓம்."

அவர் பக்கத்தில் போய் இருந்தேன். "நல்லகாலம், என்னை அங்க கொண்டுபோனீங்கள்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "கல்யாணம் முடிய அங்க ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமே?"

"போவம். குடையை நீங்கள்தான் பிடிக்கவேணும்" என்றேன்.